நுண்ணோக்கியும் சுயவிமர்சனமும்: மிரோஸ்லாவ் ஹோலுப்

சில வருஷங்களுக்கு முன் ஒரு மொட்டைமாடிக் கூட்டம். பத்துப் பேர் இருந்திருப்போம். செக் கவிஞர் மிரோஸ்லாவ் ஹோலுப் பற்றி நான் பேசினேன். ஆங்கிலம் வழியாக நானே தமிழில் செய்துவைத்திருந்த மூன்று நான்கு கவிதைகளையும் வாசித்தேன். முடித்ததும் தொழிற்சங்க வேலையில் இருக்கும் ஒரு தோழர் கேட்டார்: "இவருதானே 1973-இல அரசாங்கத்துக்குப் பணிஞ்சு எழுதிக் கொடுத்தவரு? அந்த ஊர்ல ஜெயிலுக்குப் போன கவிஞனுங்க இருக்கறப்ப நாம எதுக்குங்க இவரப் படிக்கணும்?" நான் சட்டென்று, "ஆசிரியன் செத்து ரொம்ப நாளாச்சே தோழர், பிரதிய மட்டும் பாருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தோழர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியிலேயே தெரிந்துவிட்டது, நான் சொன்னது பதில் இல்லை, நழுவல். ரோலான் பார்த்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்குவது நம்மில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஹோலுப் 1923-இல் பில்சன் நகரத்தில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் வழக்கறிஞர், அம்மா மொழி ஆசிரியை. 1939 நவம்பரில் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடினார்கள். 1942-இல் பள்ளி முடித்த பையனுக்குப் போக இடமில்லை; கிடங்கிலும் ரயில் நிலையத்திலும் கூலி வேலை. போர் முடிந்தபிறகுதான் ப்ராக் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமும் பிறகு மருத்துவமும். 1953-இல் டாக்டர் பட்டம். அடுத்த வருஷம் அறிவியல் அகாதமியின் நுண்ணுயிரியல் நிறுவனத்தில் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளராகச் சேர்ந்தார். சாகும்வரை (1998) தன்னை முதலில் விஞ்ஞானி என்றும், ஓய்ந்த நேரத்தில் கவிதை எழுதுபவன் என்றும்தான் சொல்லிக்கொண்டார். முழுநேரமும் கவிதைக்கே கிடைத்தால் தன்னால் ஒன்றுமே எழுத முடியாமல் போய்விடும் என்று அவர் சொன்னதைச் சிலர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு கருதுகோள் தவறு என்றால் தவறு. யார் சொன்னாலும் சரியாகிவிடாது. கவிதைக்கு வெளியே அப்படியொரு கறாரான இடம் அவருக்குத் தேவைப்பட்டது.

அந்தத் தேவைக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் லைசென்கோ கூட்டிய கூட்டத்தில் மரபியல் என்பதே முதலாளித்துவப் பொய் என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பு செக்கோஸ்லோவேகியாவுக்கும் வந்து சேர்ந்தது. மெண்டல் பட்டாணிச் செடி வளர்த்த ப்ர்னோ நகரம் இருக்கிற நாடு அது! விஞ்ஞானம் படிக்க வந்த ஹோலுப்பின் தலைமுறை, கட்சித் தீர்மானத்தால் குரோமோசோம் இல்லாமல் போவதைக் கண்ணால் பார்த்தது. கவிதையிலும் அதேதான் நடந்தது. 1950-இல் மிலாடா ஹொராகோவாவும் ஸாவிஷ் கலாந்த்ராவும் ப்ராகில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டுகளில் கவிஞர்கள் ஸ்டாலினுக்கும் டிராக்டருக்கும் ஸ்தோத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஸ்தோத்திர மொழிக்கு எதிராக 1955-இல் 'க்வெடென்' என்ற பத்திரிகை தொடங்கியது. 'மே மாதம்' என்று பொருள். அன்றாடத்தின் கவிதை என்பது அவர்கள் முழக்கம். 1956-இல் ஹோலுப் அதில் எழுதிய கட்டுரைதான் அந்தக் குழுவின் அறிக்கைபோல ஆனது. அன்றாடம் என்றால் சமையலறை, டிராம் வண்டி, மருத்துவமனை வராண்டா, வேலை முடிந்து திரும்பும் ஆள். செய்தித்தாள் படிப்பதுபோல, கால்பந்து பார்க்கப் போவதுபோல ஜனங்கள் தன் கவிதையைப் படிக்கவேண்டும் என்று விரும்பினார். இன்றைக்கு நமக்கு இது பழைய யதார்த்தவாதமாகத் தெரியலாம். ஆனால் பெரும் கதையாடல் ஒன்று அரசாங்க முத்திரையோடு தெருவெல்லாம் ஒலிக்கும்போது, "இந்தக் கட்டிலில் கிடக்கிற நோயாளிக்கு இன்று காய்ச்சல் 39 டிகிரி" என்று ஒருவன் எழுதுவது அரசியல். 1959-இல் பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் அவருடைய முதல் தொகுப்பு 'பகல் பணி' வந்திருந்தது. வயது ஏறக்குறைய முப்பத்தைந்து. அறுபதுகளில் தொகுப்புமேல் தொகுப்பாக எழுதிக் குவித்தார்.

இரண்டு கவிதைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒன்று விமானக் குண்டுவீச்சு முடிந்து ஐந்து நிமிஷத்தில் நடப்பது. இடம் பில்சன், அவருடைய சொந்த ஊர். ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலை அங்கே இருந்ததால் 1945 ஏப்ரல் வரை குண்டு விழுந்த ஊர். ஒரு பெண் மூன்றாம் மாடிக்குப் படியேறுகிறாள். கதவைத் திறந்தால் அப்பால் வீடு இல்லை, வானம்தான். அவள் அலறவில்லை. தன் சமையலறையிலிருந்து நட்சத்திரங்களை யாரும் எடுத்துப் போய்விடக் கூடாதே என்பதுபோலக் கதவைப் பத்திரமாகப் பூட்டிவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்து காத்திருக்கிறாள், வீடு மறுபடி முளைத்துவிடும் என்று. துயரம் என்ற வார்த்தையோ போர் எதிர்ப்பு முழக்கமோ எங்கும் இல்லை. பூட்டுகிற அந்தக் கை மட்டும்தான். கூட்டத்தில் இதை வாசித்தபோது இடையில் யாரும் இருமக்கூட இல்லை.

இன்னொன்று 'ஈ'. 1346-இல் பிரான்சில் நடந்த க்ரெஸி போர். மரத்தில் உட்கார்ந்து ஓர் ஈ போரைப் பார்க்கிறது. குதிரைப்படை பாய்வதற்கு நடுவில் இணைசேர்கிறது. பிறகு பிணத்தின் கண்ணில் முட்டையிடுகிறது. கடைசியில் எரியும் ஊரிலிருந்து தப்பிப் பறக்கிற குருவிக்கு இரையாகிறது. நம் விமர்சகர்கள் உடனே 'விளிம்பிலிருந்து வரலாறு' என்று எழுதிவிடுவார்கள். எழுதட்டும், தப்பில்லை. ஆனால் செக் வாசகனுக்கு இதில் இன்னொன்று தெரியும். க்ரெஸி என்றாலே அவனுக்குப் பொஹீமியாவின் குருட்டு மன்னன் ஜான்தான் ஞாபகம் வரும். கண் தெரியாமல் குதிரையில் போர்க்களத்துக்குள் போய்ச் செத்தவன். பள்ளிக்கூடப் பாடத்தில் வீரத்துக்கு உதாரணம். ஹோலுப்பின் கவிதையில் அந்த மன்னன் இல்லவே இல்லை. பாடப்புத்தகத்தின் நாயகனைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிட்டு அவனுடைய இடத்தில் ஈயை உட்காரவைத்திருக்கிறார். வீரத்தின்மேல் இந்த மனிதனுக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தக் கவிதைகளிலெல்லாம் பார்ப்பவன் வெளியே நிற்கிறான். கண் நுண்ணோக்கியில், உடம்பு நாற்காலியில். கீழே கண்ணாடித் தகட்டில் செல்கள் பிறக்கின்றன, சாகின்றன, படையெடுக்கின்றன. பார்க்கிற கண்ணுக்குக் கிருமி ஒட்டாது. அறுபதுகளின் ஹோலுப்பினுடைய தெளிவும் சிரிப்பும் இந்தத் தூரத்திலிருந்து வருபவை.

அந்தத் தூரத்தின் உச்சம் 'ஜிட்டோ' என்ற மந்திரவாதியைப் பற்றிய கவிதை. செக் பழங்கதைகளில் வருகிற அரசவை மந்திரவாதி. மன்னனைக் குஷிப்படுத்த என்ன கேட்டாலும் செய்வான், பூச்சி பொட்டையெல்லாம்கூட உத்தியோகஸ்தர்களாக்கிவிடுவான். ஒருநாள் ஒரு மாணவன் வந்து கேட்கிறான்: சைன் ஆல்பாவை ஒன்றைவிடப் பெரிதாக்கிக் காட்டு. ஜிட்டோவின் முகம் வெளுத்துவிடுகிறது. அது ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் நடுவில்தான் இருக்கும், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு அரசவைக் கூட்டத்தின் ஊடே சத்தமில்லாமல் வெளியேறுகிறான். அதிகாரம் எதை வேண்டுமானாலும் எதுவாகவும் மாற்றலாம், சைனை மாற்ற முடியாது. லைசென்கோவைப் பார்த்த ஒரு விஞ்ஞானி இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஆனால் 1973-இல் அதிகாரம் ஹோலுப்பிடமே அந்தக் கணக்கைக் கேட்டது. சைன் ஆல்பா ஒன்றைவிடப் பெரியது என்று சொல். அவர் சொன்னார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968 ஜூன் 27 அன்று வெளியான 'இரண்டாயிரம் வார்த்தைகள்' அறிக்கையை எழுதியவர் லுட்விக் வாட்சுலிக். அவரை எழுதச் சொன்னதே அகாதமி விஞ்ஞானிகள் வட்டம். அதில் ஹோலுப்பும் ஒருவர், கையெழுத்தும் போட்டார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்தன. 1969 ஜனவரியில் யான் பலாஹ் என்ற மாணவன் ப்ராக் நடுச் சதுக்கத்தில் தீக்குளித்தான். அவனைப் பற்றியும் ஹோலுப் கவிதை எழுதினார். அந்தக் காலத்தில் அவர் ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். அதற்கு முன் நியூயார்க்கில் இரண்டு வருஷம். வெளியிலேயே தங்கிவிட்டிருக்கலாம். திரும்பி வந்தார். 1970-இல் வேலை போயிற்று. புத்தகங்கள் நூலகங்களிலிருந்து எடுக்கப்பட்டன, பெயர் அச்சில் வரக்கூடாது. மூன்று வருஷம் கழித்து, 1968-இல் தான் எடுத்த நிலைப்பாட்டை மறுத்து ஒரு பகிரங்க சுயவிமர்சனம். பிறகு இன்னொரு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலை தொடர்ந்தது.

சுயவிமர்சனம்! இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இந்த வார்த்தையின் எடை தெரியும். ஒரு காலத்தில் அது தோழர்களுக்கு நடுவே நேர்மையின் பெயர். ப்ராகில் அது காவல்துறை நீட்டுகிற தாளின் பெயராகிவிட்டது. அந்தத் தாளை அவர் மட்டும் நிரப்பவில்லை. போஹுமில் ஹ்ராபல் 1975-இல் 'த்வோர்பா' பத்திரிகைக்கு ஒரு பேட்டி கொடுத்தார், அதுவும் இதே ரகம். கோபத்தில் இவான் யிரோஸும் நண்பர்களும் கம்பா தீவில் ஹ்ராபலின் புத்தகங்களை எரித்தார்கள். யிரோஸ் மறுவருஷமே சிறைக்குப் போனவர். 1977 ஜனவரியில் 'சாசனம் 77' வந்தது. முதிய கவிஞர் செய்ஃபர்ட் அதில் கையெழுத்திட்டார். தத்துவப் பேராசிரியர் யான் பட்டோச்கா தொடர் விசாரணைகளுக்குப் பின் அந்த மார்ச்சிலேயே இறந்துபோனார். ஹோலுப் அதில் கையெழுத்திடவில்லை. 1979-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் ஹோலுப் அமெரிக்காவின் ஓபெர்லின் கல்லூரியில் விருந்தினர். அதே வருஷம் அக்டோபரில் வாட்ஸ்லாவ் ஹாவெலுக்கு நாலரை வருஷம் சிறை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதே ஹாவெல் 1978-இல் எழுதிய 'அதிகாரமற்றவர்களின் அதிகாரம்' கட்டுரையில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருவார். கடை ஜன்னலில் வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவே கட்சி கொடுத்த கோஷ அட்டையை மாட்டிவைத்திருப்பார். அதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது, மாட்டாவிட்டால் தொந்தரவு, அவ்வளவுதான். பொய்க்குள் வாழ்வது என்று ஹாவெல் இதைத்தான் சொன்னார். ஹோலுப் அந்தக் கடைக்காரர்தான். வித்தியாசம் என்னவென்றால், சைன் ஒன்றைத் தாண்டாது என்று ஏற்கெனவே எழுதிவைத்துவிட்ட கடைக்காரர். ஆகவே தோழரின் குற்றச்சாட்டை நான் மறுக்கப் போவதில்லை. குடும்பம், பயம், காலம் என்று சப்பைக்கட்டுக் கட்டவும் போவதில்லை. ஒரு சின்ன விவரம் மட்டும்: அந்தக் கையெழுத்து அவருக்குக் கவிதையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த கவிதைத் தொகுப்பு 'மாறாக' செக்கில் வெளிவந்தது 1982-இல். அவர் வாங்கியது ஆய்வுக்கூடத்தை. எது பொய்யாகாது என்று நம்பினாரோ, அந்த இடத்துக்குள் நுழையப் பொய் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையில் ஆங்கில உலகத்தில் அவர் பெரிய ஆள். 1967-இல் ஆல்வாரெஸ் முன்னுரையோடு பெங்குயின் தொகுப்பு. டெட் ஹியூஸ் கொண்டாடினார், ஷேமஸ் ஹீனி தனிக் கட்டுரையே எழுதினார். சந்தமும் எதுகையும் இல்லாத, நேர் வாக்கியங்களாலான கவிதை என்பதால் மொழிபெயர்ப்பில் அதிகம் சேதாரமில்லை. விளாதிமிர் ஹோலான் போன்றவருடைய அடர்ந்த செக்கை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. 'இன்டர்ஃபெரான்' தொகுப்பு ஓபெர்லினில் ஆங்கிலத்தில் வந்தது 1982-இல், செக்கில் 1986-இல். சொந்த மொழிக்காரன் நாலு வருஷம் காத்திருக்க, ஓஹையோ மாணவன் படித்துவிட்டான். பனிப்போர்க் காலத்து மேற்குக்கு இரும்புத்திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தெளிவான குரல் தேவைப்பட்டது. அந்தக் குரல் 1973-இல் என்ன எழுதிக் கொடுத்தது என்று கேட்க அது அவ்வளவாக அக்கறைப்படவில்லை. ஊரிலோ நேரெதிர். 1989-க்குப் பிறகும் அவரை ஒரு சங்கடத்தோடுதான் பார்த்தார்கள். நம் கைக்கு வருகிற கிழக்கு ஐரோப்பியக் கவிதையில் பெரும்பகுதி இந்த பெங்குயின் கதவு வழியாக வந்ததுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். (பனிமலையில் வழிதப்பிய ராணுவக் குழு ஒரு வரைபடத்தை வைத்துத் திரும்பி வந்தது, பார்த்தால் அது வேறு மலையின் வரைபடம் என்று மேலாண்மைப் புத்தகங்களில் ஒரு கதை சுற்றும். அது 1977-இல் ஆங்கிலத்தில் வந்த ஹோலுப் கவிதை. வியாபாரப் பேராசிரியர்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.)

சரி, பிறகு எதற்குப் படிக்க வேண்டும்? 1973-க்குப் பின் அவர் கவிதையில் ஏதோ உடைந்திருக்கிறது, அந்த உடைசலைத்தான் படிக்க வேண்டும் என்பது என் பதில். 'இன்டர்ஃபெரான் அல்லது நாடகம் பற்றி' என்பது அந்தத் தொகுப்பின் முழுப்பெயர். உள்ளே போனால் பொம்மலாட்டம், மேடை, நடிகர்கள், கயிறு. ப்ராக் பொம்மலாட்டத்துக்குப் பேர்போன ஊர், அதனால் அலங்காரத்துக்குச் சேர்த்தது என்று முதலில் நினைத்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பட்டது, நுண்ணோக்கியின் முன்னால் இருந்த நாற்காலி இங்கே காலியாக இருக்கிறது. பார்க்கிறவனும் மேடைமேல்தான் நிற்கிறான். யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்கிறான். அது தன் வசனம் இல்லை என்றும் தெரிகிறது. வெளியே நின்று பார்க்கும் இடம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

தலைப்பில் இருக்கிற இன்டர்ஃபெரானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1957-இல் கண்டுபிடிக்கப்பட்ட புரதம். வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்துவிட்டால், அந்தச் செல் இதைச் சுரந்து வெளியே அனுப்புகிறது. இது போய்ச் சேர்ந்தால் பக்கத்துச் செல்கள் தங்களைத் தயார்ப்படுத்திக்கொள்கின்றன, வைரஸ் அங்கே பெருகுவது கடினமாகிறது. அனுப்பிய செல்லுக்கு இதனால் பெரும்பாலும் பிரயோஜனமில்லை, அது சாகும். அதாவது எச்சரிக்கை வருவது தொற்று ஏறிய இடத்திலிருந்து. தலைப்புக் கவிதையில் இந்த உயிரியலோடு ஒரு கவிஞனின் சாவும் சேர்ந்து வருகிறது. அறுபதுகளின் ஹோலுப் இதைப் படித்திருந்தால் தகட்டில் தெரிகிற அழகான ஒரு நிகழ்வாக எழுதியிருப்பார். எண்பதுகளின் ஹோலுப் எந்தச் செல்லிலிருந்து பேசுகிறார் என்பது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. எங்கும் அவர் வாய்விட்டு 1973 என்று சொல்லவில்லை. வாக்குமூலமும் இல்லை, அழுகையும் இல்லை.

அவருடைய ஆய்வு விலங்கும் இந்த இடத்தில் ஞாபகம் வருகிறது. ரோமமில்லாத சுண்டெலி. பிறவியிலேயே அதற்குத் தைமஸ் சுரப்பி இல்லை என்பது தெரியவந்தது 1968-இல் (தற்செயல்தான், ஆனாலும் அந்த வருஷம்!). தைமஸ் இல்லாததால் தன்னுடையது எது, அந்நியமானது எது என்று பிரித்து விரட்டுகிற டி-செல்கள் அதற்கு இல்லை. மனிதனின் புற்றுக்கட்டியை வைத்துத் தைத்தால்கூட ஏற்றுக்கொள்ளும். 1989-இல் இந்த எலியின் நோய் எதிர்ப்பியல் பற்றி ஹோலுப் தனி நூலே எழுதினார். எதையும் மறுக்க முடியாத ஓர் உடம்போடு பல வருஷம் தினமும் வேலை பார்த்த மனிதர் மேடையில் எழுதிக் கொடுத்த வசனம் பேசுகிறவனைப் பற்றி எழுதும்போது அது வெறும் நையாண்டியாக இருக்க முடியாது.

இதையெல்லாம் சொல்லி அவரை மகாகவி பட்டியலில் ஏற்ற நினைக்கவில்லை. பிற்காலத்துக் கவிதைகளில் சலிப்பூட்டுபவை நிறைய. 'சுருக்கமான சிந்தனை' என்று வரிசையாக எழுதிய கவிதைகள் ஒரு கட்டத்தில் அச்சில் வார்த்தவைபோல ஆகின்றன. ஒரு குட்டிக் கதை, ஒரு லத்தீன் பெயர், கடைசியில் ஒரு குத்து. வகுப்பு முடியும் மணிக்குச் சரியாக ஜோக் சொல்லி முடிக்கிற புத்திசாலிப் பேராசிரியர் ஞாபகத்துக்கு வருகிறார். யிரோஸ் சிறையிலிருந்து எழுதிய கவிதைகளுக்கு முன்னால் இவற்றை வைத்தால் பல காணாமல் போய்விடும்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவைத் தோழரிடம் காட்டினேன். இன்டர்ஃபெரான் பகுதி வந்ததும், "ரொம்ப சௌகரியமான உவமைங்க. கருங்காலியெல்லாம் நாளைக்கு நாங்க எச்சரிக்கைதான் பண்ணோம்னு சொல்லுவான்" என்றார். சொல்லுவான்தான். கருங்காலி தான் கருங்காலி இல்லை என்று சாதிப்பான், ஹோலுப் அப்படிச் சாதிக்கவில்லை என்றேன். "அது எனக்குப் போதாது" என்றார். எனக்குப் போதுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது பெங்குயின் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். பழைய புத்தகக் கடையில் வாங்கியது, முதுகு பிரிந்து பசை போட்டு ஒட்டியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. ஜிட்டோ கவிதை இருக்கிற பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "இவன் வெளியே போய்விட்டான். அந்தக் கணக்கைக் கேட்ட மாணவனை அப்புறம் என்ன செய்தார்கள்?"